பருவம் வந்த கிடாரி, பக்குவம் வராத கருப்பை

“கெடேரி நேத்து ராத்திரி பூரா கத்திச்சிண்ணே. காளைக்கு விட்டுடலாமா, இல்ல ஊசிக்காரருக்கு ஆள் அனுப்பலாமா?”

மாடு வளர்க்கும் தோட்டத்து வீடுகளில் இந்தக் கேள்வி எழாத மாதம் இல்லை. கேட்கிற தம்பியின் முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். குட்டியாய் வாங்கி வந்து, புல்லறுத்துப் போட்டு, கொசுவுக்கு மூட்டம் போட்டு வளர்த்தது இன்றைக்குப் பெரிய மனுஷியாகி நிற்கிறதல்லவா! பதில் சொல்கிற அண்ணனும் அதிகம் யோசிப்பதில்லை. “கத்திச்சின்னா விட வேண்டியதுதானே தம்பி, வேற எதுக்குக் காத்திருக்கே?” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த அண்ணனோடு நமக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்றுதான் இன்று எழுத வந்திருக்கிறோம். முதல் கத்தலில் கிடாரியைக் காளைக்கு விடாதீர்கள். இரண்டு கத்தலைப் போகவிட்டு மூன்றாவதில் விடுங்கள். “எதுக்குங்க ஒண்ணரை மாசத்தை வீணாக்கணும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். கத்த வைப்பது சினைப்பை. கன்றைச் சுமக்கப் போவதோ கருப்பை. இந்த இரண்டும் ஒரே நாளில் வயதுக்கு வருவதில்லை. இதை வெறும் அனுபவ வார்த்தையாக இல்லாமல், கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்த்தே இன்றைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

நமக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததா என்ன? பால்மரம் சீவிய காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இல்லாத தோட்டம் அபூர்வம். நம் முன்னோர் வளர்த்த பால்மாட்டு வம்சத்துக்குக் கால்நடைத் துறையின் ஏடுகளில் ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று, சுருக்கமாக எல்.ஐ.டி. என்று, தனிப்பெயரே உண்டு. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இளஞ்செம்பனையை மாடு கடித்துவிடுகிறது என்று மாட்டை வெளியேற்றச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய நிர்வாகங்கள் உண்டு. லயங்களும் பல இடங்களில் காலியாகிவிட்டன. ஆனாலும் மாட்டை விடாதவர்கள் இருக்கிறார்கள். வேலை ஓய்வின்போது வந்த சேமநிதிப் பணத்தில் இரண்டு கிடாரி வாங்கிக் கட்டிய குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுக்கு அந்தக் கிடாரிதான் பென்ஷன்.

பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு வீட்டை நாம் அறிவோம். அந்த அம்மா முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். இரண்டு கிடாரிகள் வைத்திருந்தார். மூத்தது முதல்முறை கத்தியதுமே காளைக்கு விட்டார்கள். நிற்கவில்லை. மறுபடியும் விட்டார்கள், நிற்கவில்லை. மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு, “இது மலட்டு மாடுக்கா, வெச்சி தீனி போட்டுக்கிட்டு இருக்காதீங்க” என்று ஒருவர் சொல்ல, மாட்டு வியாபாரி வந்து கறி விலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இளையது முதல் கத்தலிலேயே சினை பிடித்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஈனும் நேரம் வந்தபோது கன்றின் முன்னங்கால் மட்டும் வெளியே வந்து, தலை வரவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் கன்றும் போயிற்று, தாயும் போயிற்று. ஒரு வருஷத்துக்குள் கொட்டகை காலி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அவசரம்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் 1987ஆம் ஆண்டில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கறிமாட்டு இனத்துக் கிடாரிகளில் ஒரு கூட்டத்துக்கு முதல் வேட்கையிலேயே இணை சேர்த்தார்கள். இன்னொரு கூட்டத்தை மூன்றாம் வேட்கை வரை காத்திருக்க வைத்தார்கள். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 57 சினை பிடித்தன. காத்திருந்த கூட்டத்தில் நூற்றுக்கு 78. காத்திருந்ததற்குக் கூலியாக நூற்றுக்கு 21 கன்று கூடுதல்! மாட்டின் வேட்கைச் சுற்று சராசரி 21 நாள். ஆக இரண்டு சுற்று என்றால் 42 நாள். அந்த 42 நாள் புல்லும் தண்ணீரும் ஒரு கன்றின் விலைக்கு முன்னால் எந்த மூலைக்கு?

சரி, முதல் வேட்கையில் ஏன் நிற்பதில்லை? கிடாரியின் மூளையிலிருந்து தொடங்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு இடம் இருக்கிறது. அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. ஹைப்போதலாமஸ் உத்தரவு போட, பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு ரத்தத்தில் அனுப்பும். அது போய்ச் சினைப்பையைத் தட்டி எழுப்பும். கன்றுப் பருவத்தில் சினைப்பை சொட்டுச் சொட்டாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனே மூளையின் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. “இப்போ வேண்டாம், பேசாம இரு” என்பதுபோல. உடம்பு வளர வளர அந்தக் கட்டு தளர்கிறது. எல்.எச். அடிக்கடி வருகிறது. சினைப்பையில் முட்டைக் கொப்புளம் பெரிதாகிறது. ஈஸ்ட்ரோஜன் பெருகுகிறது. கிடாரி கத்துகிறது.

இந்த ஈஸ்ட்ரோஜன்தான் கருப்பைக்கு வருகிற முதல் பெரிய செய்தி. அதுவரை அது விரல் தடிமனில் சுருண்டு கிடந்த உறுப்பு. செய்தி வந்ததும் ரத்த ஓட்டம் கூடுகிறது, சதை தடிக்கிறது. கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம் இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இதைவிடப் பெரிது.

அதைத் தோட்டத்து உதாரணத்திலேயே சொல்லிவிடுவோம். ஆபீசில் ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நடக்கக்கூடிய எல்லா வேலைக்கும் வழிமுறை அதில் எழுதியிருக்கிறது. அதன் நகல் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறது. ஆனால் எல்லா டிவிஷனும் எல்லாப் பக்கத்தையும் திறப்பதில்லை. கிராணி அன்றைக்கு வேண்டிய பக்கத்தைத் திறந்து, துண்டுச் சீட்டு எழுதி வெளியே அனுப்புகிறார். சீட்டைப் பார்த்துக் களத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். மாட்டின் உடம்பும் இப்படித்தான். பதிவேடு என்பது மரபணுக்கள். துண்டுச் சீட்டு என்பது ஆர்.என்.ஏ. களத்தில் இறங்கி வேலை செய்பவை புரதங்கள். கொம்பிலும் குளம்பிலும் கருப்பையிலும் இருப்பது ஒரே பதிவேடுதான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

2009ஆம் ஆண்டில் மாட்டின் முழுப் பதிவேட்டையும் விஞ்ஞானிகள் படித்து வெளியிட்டார்கள். அதற்காக ரத்தம் கொடுத்தது ஒரு ஹியர்ஃபோர்டு பசு. குறைந்தது 22,000 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். பதிவேடு கைக்கு வந்துவிட்டதால், இனி எந்த உறுப்பில் எந்த நேரத்தில் எத்தனை துண்டுச் சீட்டு வெளியே போகிறது என்று எண்ணிவிடலாம். 2014இல் அப்படி ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பருவத்துக்கு வராத கிடாரிகள் ஒரு பக்கம், வந்த கிடாரிகள் ஒரு பக்கம். மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சினைப்பை, கருப்பை, கருப்பையின் உள்படலம், ஈரல், தசை, கொழுப்பு என எட்டு இடங்களிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சீட்டுகளை எண்ணினார்கள். பரிசோதித்த இனம் பிராங்கஸ். அதாவது எட்டில் மூன்று பங்கு திமில் உள்ள பிராமன் ரத்தம், எட்டில் ஐந்து பங்கு ஆங்கஸ் ரத்தம். இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பிராமனையும் நம் நாட்டுக் கெடா-கிளந்தான் மாட்டையும் சேர்த்து மார்டி உருவாக்கியதுதானே ‘பிராக்மாஸ்’ இனம்!

அந்த ஆய்வில் நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பருவம் என்பது சினைப்பை மட்டும் சம்பந்தப்பட்ட காரியமல்ல. ஈரல், கொழுப்பு, தசை, கருப்பை எல்லாவற்றிலும் பக்கங்கள் புரள்கின்றன. ஒரு டிவிஷனில் மட்டும் பெரட்டு அடித்து, மற்ற டிவிஷன் தூங்கிக்கொண்டிருந்தால் தோட்டம் நடக்குமா?

இனி கருப்பை டிவிஷனுக்கு மட்டும் வருவோம். ஹார்மோன் என்பது பெரட்டுக் களத்தில் கங்காணி கொடுக்கும் குரல் என்று வைத்தால், அதைக் கேட்கக் காது வேண்டும். அந்தக் காதும் ஒரு புரதம்தான். ஈஸ்ட்ரோஜன் குரல் கொடுத்ததும் கருப்பை செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, அடுத்து வரப்போகிற புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் குரலைக் கேட்பதற்கான காதுகளை முளைக்க வைப்பது. முட்டை வெடித்த இடத்தில் சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உண்டாகும். அதிலிருந்து சுரப்பது புரொஜெஸ்டிரோன். கருப்பையைக் கர்ப்பத்துக்குத் தயார் செய்வது இதன் வேலை.

கிடாரியின் வாழ்க்கையில் முதல் மஞ்சள் கட்டி உண்டாகும்போது, அதன் கருப்பை புரொஜெஸ்டிரோன் குரலை அப்படி ஓங்கிக் கேட்டதே இல்லை. புது ஆள் வேலைக்கு வந்த முதல் நாள் மாதிரி. சொன்னது புரியும், ஆனால் கை பழகியிருக்காது. அதனால்தான் முதல் சுற்று பெரும்பாலும் முழுதாக ஓடுவதில்லை. பழகாத கருப்பை, நேரம் வருமுன்பே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வெளியே விட்டுவிடுகிறது. அது போய் மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடுகிறது. பதினாறு பதினேழு நாள் வாழ வேண்டிய கட்டி, ஒரு வாரம் பத்து நாளிலேயே முடிந்துபோகும். அந்த நேரத்தில் கரு ஒன்று இருந்தால் அதன் கதி என்ன என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் அந்தக் குட்டிச் சுற்று வீணாய்ப் போவதில்லை. அதில் கிடைத்த கொஞ்ச நாள் புரொஜெஸ்டிரோனில் கருப்பை பழகிக்கொள்கிறது. அடுத்த சுற்று ஒழுங்காக ஓடுகிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. சில கிடாரிகள் முட்டையே வெடிக்காமல் கத்தும். ஈஸ்ட்ரோஜன் ஏறியிருக்கும், ஏறி விளையாடும், ஆனால் உள்ளே முட்டை வெளிவந்திருக்காது. வேறு சில கிடாரிகளில் முதல் முட்டை சத்தமில்லாமல் வெடித்துவிடும். நாம் பார்த்த ‘முதல் கத்தல்’ உண்மையிலேயே எத்தனையாவது என்று வெளியிலிருந்து சொல்வது லேசல்ல. அதனால்தான் இரண்டைப் போகவிடுங்கள் என்கிறோம்.

பழகிய கருப்பை அப்படி என்ன செய்கிறது? கருப்பையின் உள்சுவரில் ஆயிரக்கணக்கான நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. மாட்டுக் கரு உடனே சுவரில் ஒட்டிக்கொள்வதில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் கருப்பைக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கும். ஏழெட்டு நாளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மணி. பதினாறு பதினேழு நாளில் சில அங்குல நீளத்துக்கு நூல் போல நீண்டுவிடும். தொப்புள்கொடி இல்லை, நஞ்சு இல்லை. இவ்வளவு வேகமாக வளர அதற்குச் சோறு போடுவது யார்? அந்தச் சுரப்பிகள்தான். புரதம், சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு எல்லாம் கலந்த ஒரு நீரைச் சுரந்து கொடுக்கின்றன. பழைய விஞ்ஞானிகள் இதற்குக் ‘கருப்பைப் பால்’ என்றே பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்! மடியில் பால் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே தாய் பால் கொடுக்கத் தொடங்கிவிடுகிறாள்.

இந்தப் பால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001ஆம் ஆண்டில் டெக்சாஸ் விஞ்ஞானிகள் செம்மறி ஆட்டில் காட்டினார்கள். பிறந்த பெண்குட்டிக்கு ஹார்மோன் கொடுத்து, கருப்பைச் சுரப்பிகளே உண்டாகாமல் தடுத்தார்கள். அந்தக் குட்டி வளர்ந்து பருவத்துக்கு வந்தது. கிடாவோடு சேர்ந்தது. கருவும் உண்டானது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் கரு இல்லாமல் போயிற்று, அல்லது வளராமல் குறுகிக் கிடந்தது. மாட்டிலும் இதற்கு முன்பே 1995இல் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் ஒன்று கண்டிருந்தார்கள். கன்றாக இருந்தபோது ஹார்மோன் குளிகை வைக்கப்பட்ட கிடாரிகளுக்குப் பெரிதானபின் கருப்பை சிறுத்திருந்தது, கருப்பை நீரில் உள்ள புரதத்தின் அளவும் மாறியிருந்தது. கிடாரியின் கருப்பை கத்துகிற வயதில் திடீரென்று உண்டாவதில்லை. கன்றுக்குட்டியாய்த் துள்ளித் திரிகிற மாதங்களிலேயே சுரப்பிகள் வேர்விட்டு, பருவத்தில் கிளை விரித்து, புரொஜெஸ்டிரோன் பழகியபின்தான் பால் கொடுக்கின்றன.

கருவும் சும்மா இருப்பதில்லை. பதினைந்து, பதினாறு நாளில் அது ‘இண்டர்ஃபெரான் டௌ’ என்று ஒரு புரதத்தைச் சுரந்து, “அம்மா, நான் வந்துவிட்டேன், மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடாதே” என்று தாய்க்குச் சேதி சொல்கிறது. இண்டர்ஃபெரான் என்பது கிருமி வந்தால் உடம்பு எதிர்த்துச் சுரக்கும் மருந்து வகை. செம்மறி ஆட்டுக் கரு விடும் சேதியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று 1987இல் கண்டுபிடித்தபோது விஞ்ஞானிகளுக்கே ஆச்சரியம். கருப்பைப் பால் போதாமல் கரு வளர்ச்சி குன்றியிருந்தால் சேதியும் மெலிந்துவிடும். மெலிந்த குரல் தாய்க்குக் கேட்காது. கட்டி கரைந்துவிடும். நாம் வெளியிலிருந்து பார்த்து, “நிக்கலப்பா, மலடு” என்போம். உண்மையில் சினை பிடித்துத்தான் போயிருக்கும்.

கன்று ஈன்றபின் விழும் நஞ்சை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு ரோஜாப்பூ ஒட்டியதுபோல் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும். கருப்பைச் சுவரில் பொத்தான் மாதிரி முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் சட்டைத் துளைபோல் வந்து பொருந்தியவைதான் அந்தத் திட்டுகள். ஒரு மாட்டுக்கு 70 முதல் 120 வரை இருக்கும். மூன்று வாரம் கருப்பைப் பாலில் வளர்ந்தபின் கரு இந்தப் பொத்தான்களைப் பிடித்துக்கொள்கிறது. அதுவரை சமாளிக்க வைப்பதுதான் கருப்பையின் சாமர்த்தியம்.

இது இப்படியிருக்க, கருப்பை பழகிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. பேராக் அம்மாவின் இளைய கிடாரிக்குக் கருப்பையில் குறை இல்லை. எலும்பில் இடம் இல்லை. இடுப்பெலும்பு விரிய உடம்பு வளர வேண்டும். வயதைப் பார்த்து மாட்டை விடுவதைவிட எடையைப் பார்த்து விடுவது உத்தமம். நல்ல தீனி தின்ற ஐரோப்பிய இனத்துக் கிடாரி ஒன்பது, பத்து மாதத்திலேயே கத்தும். திமில் உள்ள இனங்கள் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆனாலும் சும்மா இருக்கும். ஆகவே வயது நம்மை ஏமாற்றும். தாய்ப்பசுவின் முழு எடையில் நூற்றுக்கு 65 பங்கு வந்தபின் விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தராசுக்கு எங்கண்ணே போறது?” என்றால், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளவு எடுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து வால் பக்கத்து இடுப்பு முனை வரை நீளம் எடுங்கள். மார்பளவை மார்பளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் வருவது கிலோ கணக்கில் உத்தேச எடை. மார்பு 56 அங்குலம், நீளம் 46 அங்குலம் என்றால் சுமார் 218 கிலோ. தாய் 330 கிலோ என்றால் அதில் நூற்றுக்கு 65 பங்கு சுமார் 215 கிலோ. ஆக இந்தக் கிடாரி தயார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

எடை வர வேண்டுமானால் தீனி வேண்டும். முன்னே சொன்ன ஆய்வில் ஈரலையும் கொழுப்பையும் ஏன் சோதித்தார்கள் என்று இப்போது புரியும். உடம்பில் சேமிப்பு இருக்கிறதா என்று கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோனும், ஈரலிலிருந்து ஐ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் பொருளும் சேதி சொன்னால்தான் மூளை வாயைத் திறக்கிறது. கையில் காசில்லாமல் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மூளை சம்மதிப்பதில்லை. செம்பனை இளசாக இருக்கும்வரை இடைவரிசையில் புல்லும் மூடுபயிரும் செழிப்பாய் இருக்கும். மட்டை கூடி நிழல் கட்டியபின் புல் நலிந்துவிடும். நிழல் தோட்டத்தில் மேய்ந்து வயிறு உப்பி வருகிற கிடாரியைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நேப்பியர் புல் நட இடம் இருந்தால் நடுங்கள். ஆலையிலிருந்து வரும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு போல் புரதம் இருக்கிறது. மாட்டுக்கு நல்லது. (செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை: அதில் உள்ள செம்புச் சத்து செம்மறிக்கு விஷமாகிவிடும்.) அதற்காகக் கிடாரியைக் கொழுக்க வைக்கவும் கூடாது. பருவத்துக்கு முன் கொழுப்பு ஏறினால் மடியின் பால் சதை குறையும் என்கிறார்கள்.

காளையைத் தேர்ந்தெடுப்பதிலும் நம் ஆட்களுக்கு ஓர் ஆசை. கிடாரி சின்னது, கன்று பெரிதாகப் பிறக்கட்டும் என்று பெரிய இனத்து ஊசியாகக் கேட்பார்கள். தலை ஈற்றுக்கு அந்த ஆசை வேண்டாம். சிறிய கன்று போடும் காளையைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், கூடவே மேய்கிற இளங்காளையைப் பிரித்துக் கட்டுவது. பத்து மாதத்துக் காளைக்கன்று, “அது குழந்தைங்க” என்று விட்டிருப்பீர்கள். உங்களுக்கு முன்னால் அது முதல் கத்தலைக் கவனித்துவிடும்.

எத்தனை காத்தாலும் கத்தாத கிடாரியும் உண்டு. அது ஆண் கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். இரட்டையில் ஒன்று காளை, ஒன்று கிடாரி என்றால், வயிற்றுக்குள் இருக்கும்போதே இரண்டின் ரத்தமும் கலந்து, ஆணின் ஹார்மோன் சேதி பெண்ணின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடும். இப்படிப் பிறந்த கிடாரிகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. அதற்கு எந்த ஊசியும் எடுபடாது. மூன்று வருஷம் தீனி போட்டுக் காத்திருந்த மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரட்டையாகப் பிறக்காத கிடாரி கத்தவில்லை என்றால் தீனியைப் பாருங்கள், பூச்சி மருந்தைப் பாருங்கள், மாவட்டக் கால்நடை அலுவலகத்து டாக்டரைக் கூப்பிட்டுச் சினைப்பையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிற ஒரு சங்கதி. கத்தி முடிந்து இரண்டு நாள் கழித்து வாலிலும் பின்பக்கத்திலும் ரத்தம் தெரியும். கிடாரிகளில் இது அதிகம். “ஐயோ, கரு கலைஞ்சிடுச்சே” என்று வீட்டில் பெண்கள் கலங்குவார்கள். மனிதரில் வருவது வேறு, இது வேறு. வேட்கை முடிந்து ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும்போது, முன்னே சொன்ன அந்தப் பொத்தான்களில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிவதால் வருவது. சினை பிடித்த மாட்டுக்கும் வரும், பிடிக்காத மாட்டுக்கும் வரும். இரவில் கத்தியதை நீங்கள் கவனிக்காமல் தூங்கிவிட்டாலும் இந்த ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்த அன்றே கொட்டகைத் தூணில் மாட்டியிருக்கும் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். அதிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது நாள் தள்ளி இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த இரண்டாம் வட்டத்தை ஒட்டிய நாட்களில் காலை ஒருமுறை, பொழுது சாய்ந்து ஒருமுறை, படுக்கப் போகுமுன் டார்ச் லைட்டோடு ஒருமுறை கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். மற்ற மாடு மேலே ஏறும்போது கிடாரி விலகாமல் நின்றால் அதுதான் நேரம். காலையில் நின்றால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் நின்றால் மறுநாள் காலை ஊசி.